தூண் கள்ளியை விதையிலிருந்து வளர்க்க: முதல் வருடம் அதைப் பாலைவனச் செடியாக நினைக்காதீர்கள்

கள்ளி விதை போட்டுப் பார்த்துக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முளைத்தது, நிறையவே முளைத்தது, அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டால், கள்ளிதானே என்று நல்ல வெயிலில் வைத்தேன், தண்ணீரைக் குறைத்தேன் என்பார்கள். ஆறடி வளர்ந்த தூண் கள்ளிக்கு அது சரியான கவனிப்பு. கடுகளவு நாற்று அதைத் தாங்காது. முதல் ஒரு வருடத்துக்குக் கள்ளி நாற்று நிழலிலும் ஈரத்திலும் வாழ்கிற செடி. இதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

நம்பச் சிரமமாக இருந்தால் சகுவாரோவைப் பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோராவிலும் விரிந்திருக்கும் சொனோரன் பாலைவனத்தில் கைகளை உயர்த்திக்கொண்டு நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான கள்ளிதான். அதன் பழம் கோடை மழைக்குச் சற்று முன்னால் பழுக்கிறது. ஒரு பழத்துக்குள் 2000 விதைகள் வரை இருக்கும். பறவைகளும் மற்ற உயிர்களும் தின்று பரப்பிய விதைகள் மழை ஈரம் கிடைத்ததும் முளைக்கின்றன. வெட்டவெளியில் முளைத்தவை ஏறக்குறைய எல்லாமே செத்துவிடுகின்றன. பாலோ வெர்டே, மெஸ்கீட், அயர்ன்வுட் போன்ற மரங்களின் அடியில் விழுந்தவைதான் பிழைக்கின்றன. அந்த மரங்களுக்குத் தாதி மரங்கள் என்றே பெயர். வெயில் கடுமையைக் குறைப்பது, குளிர் இரவில் பனியைத் தடுப்பது, கொறிக்கும் பிராணிகளின் கண்ணில் படாமல் மறைப்பது என்று பல வேலைகளை அந்த ஒரு மரம் செய்கிறது. அப்படியும் சகுவாரோ தேசியப் பூங்காவில் முதல் 8 ஆண்டுகளில் ஒரு நாற்று வளர்வது 1 முதல் 1.5 அங்குலம்தான். வீட்டில் நாம் செய்வதெல்லாம் அந்தத் தாதி மரத்தின் வேலையைத்தான். நாம் ஒழுங்காகச் செய்தால் செடி பல மடங்கு வேகமாக வளரும் என்பது இதில் கிடைக்கிற சந்தோஷம்.

நாற்றுக்கு நிழலும் ஈரமும் தேவைப்படுவதற்குக் காரணமும் எளிது. பெரிய கள்ளியின் உடம்பு ஒரு தண்ணீர்த் தொட்டி, வெளியே மெழுகு பூசிய தோல். இரண்டு மில்லிமீட்டர் நாற்றுக்கு உடம்பின் பருமனோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு மிக அதிகம், சேமிப்பு மிகக் குறைவு, வேரோ மேல்மண்ணில் சில மில்லிமீட்டர் ஆழத்தில்தான் நிற்கிறது. மேல்மண் ஒரு பகல் காய்ந்தாலே அதற்கு அது வறட்சி.

சரி, எதில் ஆரம்பிப்பது? முதல் தடவை என்றால் செரியஸ் அல்லது டிரைக்கோசீரியஸ் வகை. நாற்றே கொஞ்சம் தடிமனாக வரும், வேகமாக வளரும், சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். நீல நிறத்துக்காகப் பலர் தேடும் பைலோசோசீரியஸும் நல்ல தேர்வுதான், ஆனால் அதற்குக் கதகதப்பு வேண்டும். முளைத்ததும் நீலமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த நீலம் தோலின் மேல் படியும் மெழுகு. நாற்று பச்சையாகத்தான் வரும், செடி வளர வளர, வெளிச்சம் கிடைக்கக் கிடைக்கத்தான் நிறம் ஏறும். மிர்ட்டிலோகாக்டஸும் அப்படித்தான், சுறுசுறுப்பான செடி, குளிர்தான் ஆகாது. வெள்ளை முள் போர்த்திய கிளைஸ்டோகாக்டஸ் ஸ்ட்ராசி, பஞ்சு சுற்றிய எஸ்போஸ்டோவா, நரைத்த கிழவர் போல முடி தொங்கும் செஃபலோசீரியஸ் செனிலிஸ் இவையெல்லாம் நாற்றுப் பருவத்திலேயே கொள்ளை அழகு. குறிப்பாகச் செனிலிஸ் மிக இளம் வயதிலேயே வெள்ளை முடி காட்டத் தொடங்கிவிடும். ஆனால் அது மெதுவாக வளர்வது, வேரழுகலுக்கு இலகுவில் ஆளாவது. சகுவாரோவையும் செனிலிஸையும் இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். முதல் சுற்றில் நாற்றின் மொழியைக் கற்றுக்கொண்டால் போதும்.

விதை வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வானவில் நிறக் கள்ளி, ஊதாக் கள்ளி, பளிச்சென்ற சிவப்புத் தூண் என்று இணையத்தில் படம் போட்டு விற்கும் விதைகள். படம் நிறம் மாற்றிய படம், உள்ளே வருவது என்ன விதை என்று விற்பவருக்கே தெரியாது. தாவரப் பெயரும் விதை எடுத்த வருடமும் சொல்பவரிடம் மட்டும் வாங்குங்கள். இரண்டு, தூண் கள்ளிகள் பெரும்பாலானவை தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, வேறு செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் பல இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற சேகரிப்பில் தானாகக் காய்த்த பழத்தின் விதை கலப்பினமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டிரைக்கோசீரியஸ் வகையில் இது ரொம்ப சாதாரணம். கலப்பினம் மோசம் என்று சொல்லவில்லை, அருமையான பூக்கள் அதில்தான் வந்திருக்கின்றன. என்ன வளர்க்கிறோம் என்று தெரிந்து வளர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதுமே சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் வருகிறது. நாடு விட்டு நாடு செடி அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். விதைகளுக்குப் பொதுவாக அந்த ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு, ஆனால் மெக்சிகோவிலிருந்து வரும் மெக்சிகோ இனங்களின் விதைக்கு அந்த விலக்கு கிடையாது. அதுபோக, ஒவ்வொரு நாட்டுக்கும் விதை இறக்குமதிக்குத் தனி விதிகள் இருக்கும். காட்டிலிருந்து பிடுங்கிய செடியை வாங்குவதற்குப் பதிலாக விதை போடுவது இந்த இனங்களுக்கு நாம் செய்யக்கூடிய நேரடியான உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களிடம் பழமே இருந்தால் இன்னும் நல்லது. பழுத்து வெடிக்கும் நேரத்தில் எடுத்து, சதையோடு விதையைச் சல்லடைத் துணியில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். சதையில் இருக்கும் சர்க்கரை துளி ஒட்டியிருந்தாலும் அதில்தான் முதல் பூஞ்சை பிடிக்கும். கழுவியதை நிழலில் காய வைத்துக் காகித உறையில் போட்டு வைக்கலாம். உலர்ந்த குளிர்ந்த இடத்தில் பல இனங்களின் விதை வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், இருந்தாலும் புது விதையின் முளைப்பு வேறு ரகம்.

மண்கலவையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது பாதிக்குப் பாதி: ஒரு பாதி 1 முதல் 3 மி.மீ. அளவுள்ள பியூமிஸ் (துளை நிறைந்த எரிமலைக் கல்), பெர்லைட் (சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைத் துகள்) அல்லது கழுவிய கரடுமுரடான மணல், மறுபாதி சலித்த பீட் (மட்கிய சதுப்புநிலப் பாசி) அல்லது தென்னை நார்த்தூள். நார்த்தூள் என்றால் நன்றாகக் கழுவி உப்பை வெளியேற்றியதாக இருக்க வேண்டும். வளர்ந்த கள்ளிக்கு நாம் போடும் கலவையைவிட இது ஈரம் பிடிப்பது, அது வேண்டுமென்றேதான். மேலே 2 அல்லது 3 மி.மீ. கனத்துக்குப் பொடிக்கல் பரப்பு போட்டுவிடுங்கள். பாசி பிடிப்பது குறையும், விதை கல்லிடுக்கில் உட்காரும், முளைத்த நாற்றுக்குச் சாய்ந்து நிற்க ஓர் ஆதாரமும் கிடைக்கும்.

அப்புறம் கிருமி நீக்கம். நாம் இந்தத் தொட்டியை மூடிவைத்து வாரக்கணக்கில் ஈரமாகவே வைக்கப் போகிறோம். நாற்றுக்குப் பிடித்த அந்தச் சூழல் பூஞ்சைக்கும் பிடிக்கும், பாசிக்கும் பிடிக்கும், குட்டி ஈக்களின் முட்டைகளுக்கும் பிடிக்கும். ஆகவே உள்ளே போகும் எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். ஈரமான கலவையை ஆவியில் வேக வைக்கலாம். கலவையின் நடுப்பகுதி 80 டிகிரி செல்சியஸைத் தாண்டி அரை மணி நேரம் இருந்தால் போதும். கொஞ்சம் மண்தான் என்றால் மைக்ரோவேவில் ஆவி பறக்கும்வரை சூடேற்றுவதும் வேலை செய்யும். மூடியபடியே ஆற விடுங்கள். தொட்டிகளைக் கொதிநீரிலோ ப்ளீச் கரைசலிலோ கழுவிக்கொள்ளுங்கள். விதையை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஐந்து பத்து நிமிடம் போட்டெடுப்பவர்கள் உண்டு. சந்தேகமான விதை, சதை சரியாகக் கழுவாத விதை என்றால் அதைச் செய்வது நல்லது.

விதைப்பது இருப்பதிலேயே சின்ன வேலை. மண் முழுக்க நனைந்து, அதிகப்படியான தண்ணீர் வடிந்திருக்க வேண்டும். விதையை மேலே தூவுங்கள், புதைக்க வேண்டாம். சகுவாரோ விதைக்கு முளைக்க வெளிச்சம் தேவை. வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முளைக்கும் தூண் கள்ளிகளும் இருக்கின்றன, ஆனால் மேலேயே போடுவது இரண்டு வகைக்கும் ஒத்துவரும். பேக்கிசீரியஸ் மாதிரி பெரிய விதை என்றால் அதன் கனத்துக்கு மட்டும் மணல் தூவலாம். பிறகு முழுத் தொட்டியையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடுங்கள், அல்லது மூடியுள்ள தெளிந்த டப்பாவுக்குள் வையுங்கள். பெயரும் தேதியும் எழுதிய சீட்டை உள்ளேயே, பென்சிலால் எழுதி வையுங்கள். வெயிலில் பேனா மை போய்விடும், பென்சில் போகாது. எல்லா நாற்றும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரு வருடம் கழித்து எது எது என்று கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும், 25 பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான இனங்களுக்கு அருமை. பகலில் கொஞ்சம் கூடி இரவில் கொஞ்சம் இறங்குவது நல்லதுதான். மூடிய பையின் மேல் நேர் வெயில் விழவே கூடாது. உள்ளே சூடு அடைபட்டு ஒரே மதியத்தில் எல்லாம் வெந்துவிடும். புது விதை என்றால் நான்காம் நாளிலிருந்தே முளைகள் தெரிய ஆரம்பிக்கும், பெரும்பாலானவை இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும், சில இனங்களில் ஒன்றிரண்டு மாதம் கழித்தும் எழுந்து வரும். வரவில்லை என்று அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். தொட்டியைக் காயவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி நனைத்துப் பாருங்கள். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்த மாதிரி முளைக்கும் விதைகள் உண்டு.

முளைக்கும் நாட்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த நாட்கள். கறுப்பு விதையோடு வெளிர்பச்சையாக ஒரு சின்ன உருண்டை, மேலே இரண்டு வித்திலைகளின் நுனி. சிலவற்றின் வேர் மண்ணுக்குள் போகாமல் மேலேயே படுத்துக் கிடக்கும். பல் குச்சியின் நுனியால் கல்லை ஒதுக்கி வேரின் முனையை உள்ளே வழிகாட்டிவிட்டு, சுற்றிக் கொஞ்சம் சுத்தமான மணலைப் போட்டால் போதும். விதையின் ஓடு தலையில் ஒட்டிக்கொண்டு நின்றால் அதைப் பிய்க்கக் கூடாது, ஈரத்தில் ஊறித் தானே விழும். பிறகு வித்திலைகளுக்கு நடுவிலிருந்து முதல் ஏரியோல் எழும்பும், அதாவது முள் கொத்தாக முளைக்கும் அந்தக் கம்பளிப் புள்ளி. கள்ளிக் குடும்பத்துக்கே உரிய அடையாளம் அதுதான். தூணாக நிற்கும் யூஃபோர்பியாக்களுக்கு அது கிடையாது, அவற்றைக் கீறினால் பால் வரும். முதல் முட்கள் பட்டு நூல் மாதிரி மிருதுவாக இருக்கும்.

இனி வெளிச்சம். உருண்டைக் கள்ளிக்கும் தூண் கள்ளிக்கும் நாற்றுப் பருவத்தில் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். வெளிச்சம் குறைந்தால் உருண்டைக் கள்ளி நாற்று கொஞ்சம் நீளும், அப்புறம் நல்ல வெளிச்சம் கிடைத்ததும் பருத்து, அந்த நீண்ட பகுதியை மண்ணில் புதைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. தூண் கள்ளியின் பிறவிக் குணமே மேலே போவது. வெளிச்சம் குறைவாகவும் சூடும் ஈரமும் அதிகமாகவும் இருந்தால் அது கம்பி மாதிரி நீண்டுகொண்டே போகும். பிறகு வெளிச்சம் கொடுத்தால் மேல்பகுதி பருக்கும், கீழே மெலிந்த இடுப்பு அப்படியே நின்றுவிடும். அந்த இடுப்பு சேர்த்துக்கொள்ளும் சதை மிகக் குறைவு. அதே செடி மூன்றடி உயரத்துக்கு வந்து மேலே கனக்கும்போது மெலிந்த அந்த இடத்தில்தான் சாயும், ஒடியும். முதல் நான்கைந்து மாதத்தில் நீங்கள் கொடுக்கும் வெளிச்சம் அந்தத் தூணின் அடித்தளத்தைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அதற்காக வெயிலில் தூக்கி வைக்கவும் முடியாது. நாற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். வெளிர்பச்சையாக, நுனி கூர்மையாக, முட்கொத்துகளுக்கு நடுவே இடைவெளி நீண்டு தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை. சிவப்போ ஊதாவோ ஏறினால் வெளிச்சம் அதிகம், செடி தன்னைக் காத்துக்கொள்ள நிறமியைத் தயாரிக்கிறது. பச்சையில் மெல்லியதாகச் செம்பு கலந்த மாதிரி ஒரு நிறம் இருந்தால் அது சரியான இடம். எல்இடி விளக்கு வைப்பவர்களுக்கு இது எளிது. நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டு, நாற்றிலிருந்து ஓர் அடி தூரத்தில் ஆரம்பித்து, நிறத்தைப் பார்த்துப் பார்த்து மேலே கீழே மாற்றிக்கொள்ளலாம். இயற்கை வெளிச்சம் என்றால் வெயில் வடிகட்டி விழும் இடம், ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துணிக்குப் பின்னால், அல்லது 50 சதவீத நிழல்வலைக்கு அடியில். ஒரே பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் அந்தப் பக்கமே வளையும், இந்த வயதில் அவ்வப்போது தொட்டியைத் திருப்பி வைத்தால் நேராகிவிடும்.

மூடியைத் திறப்பது எப்போது? மெதுவாக வளரும் உருண்டை இனங்களை ஆறு மாதம், அதற்கும் மேல் மூடியே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தூண் கள்ளிகள் வேகக்காரர்கள், அவ்வளவு நாள் தேவையில்லை, அடைத்தே வைத்தால் நீளவும் தொடங்கும். நாட்காட்டியைப் பார்க்காமல் நாற்றைப் பாருங்கள். இரண்டு மூன்று அடுக்கு முட்கொத்து வந்து, நாற்று லேசாகக் கெட்டிப்பட்டிருந்தால் ஆரம்பிக்கலாம், பெரும்பாலும் அது 4 முதல் 8 வாரத்துக்குள் வரும். ஒரே நாளில் முழுதாகத் திறப்பதுதான் நாற்றுகளை இழப்பதற்கான குறுக்குவழி. நூறு சதவீத ஈரக்காற்றில் பிறந்த தோல் அது, வெளிக்காற்றுக்கு அதன் மெழுகு இன்னும் தயாராகவில்லை. முதலில் பையில் சின்னத் துளை, அடுத்து ஒரு மூலையைத் திறப்பது, அடுத்து பகலில் சில மணி நேரம் முழுத் திறப்பு, இப்படி இரண்டு வாரத்துக்கு இழுங்கள். மேகமூட்டமான, காற்றில் ஈரமுள்ள நாட்களில் தொடங்குவது புத்திசாலித்தனம். நாற்று சுருங்கினால் மறுபடி மூடி இரண்டு மூன்று நாள் பொறுங்கள், அதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் உள்ளே பூஞ்சை தென்பட்டுவிட்டால் இந்த நிதானமெல்லாம் பார்க்க முடியாது, திறந்தே ஆக வேண்டும்.

திறந்த பிறகு தண்ணீர். வளர்ந்த கள்ளிக்குச் சொல்லும் "முழுக்கக் காய்ந்து ஒரு வாரம் கழித்து" என்ற விதியை மறந்துவிடுங்கள். முதல் வருடம் மேற்பரப்பு காய்ந்து உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அடுத்த தண்ணீர். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும். மேலிருந்து ஊற்றினால் நாற்று பெயர்ந்துவிடும் என்பதால் தட்டில் தண்ணீர் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுவது நல்லது. அரை மணி நேரம் கழித்து எடுத்துவிட வேண்டும், தட்டிலேயே நிற்க விடக் கூடாது. உப்புத் தண்ணீரும் கடினத் தண்ணீரும் நாற்றுக்கு ஆகாது. கீழிருந்தே தொடர்ந்து கொடுக்கும்போது உப்பு மேலேறி, சரியாகச் செடியின் கழுத்துப் பகுதியில் வெள்ளையாகப் படியும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. இல்லையென்றால் நாற்று ஊன்றியதும் எப்போதாவது மேலிருந்து பூவாளியால் நன்றாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். ஈரம் வேண்டும் என்று இவ்வளவு சொன்னேனே, அதோடு காற்றோட்டமும் வேண்டும். ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால்தான் அழுகல். சின்ன விசிறி ஒன்று மெதுவாக ஓடினாலே பாதிப் பிரச்சினை வராது.

அழுகல் வந்தால் எப்படித் தெரியும்? நாற்றின் அடி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், நிறம் வெளிறும், மறுநாள் சாய்ந்து கிடக்கும். நாற்றழுகல் என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான், பித்தியம், ரைசாக்டோனியா, ஃபியூசேரியம் போன்றவற்றின் வேலை. ஒன்று விழுந்தால் சுற்றியுள்ள மண்ணோடு ஒரு ஸ்பூனால் அள்ளி எறிந்துவிட்டு, மூடியைத் திறந்து மேல்மண்ணைக் கொஞ்சம் உலர விட்டு, கிடைக்கும் பூஞ்சைக்கொல்லியை லேபிளில் சொன்னபடி கொடுங்கள். ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் விதைக்காமல் நான்கைந்து சின்னத் தொட்டியாகப் பிரித்து விதைப்பதன் பயன் அப்போது தெரியும்.

பாசியை நினைத்துப் பதற வேண்டாம். மெல்லிய பச்சைப் படலம் நாற்றைக் கொல்லாது. கெட்டியாகி நாற்றை மூடினால்தான் கவலை, மேல்மண்ணைக் காயவிடும் பருவம் வந்ததும் தானே அடங்கிவிடும். அதைவிட ஆபத்து, தொட்டியைத் தட்டினால் எழும்பிப் பறக்கும் அந்தக் கறுப்புக் குட்டி ஈக்கள். ஈ ஒன்றும் செய்யாது, மண்ணுக்குள் இருக்கும் அதன் புழுதான் வேரையும் நாற்றின் அடியையும் குடைந்து தின்னும். மஞ்சள் ஒட்டு அட்டை ஈக்களைப் பிடிக்கும். புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் நன்றாகக் கேட்கிறது, நாற்றுக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வளரும் நுனியைச் சுற்றித் துரு நிறத்தில் தழும்பு மாதிரி வந்தால் சிவப்புச் சிலந்திப்பேனாக இருக்கும். ஒரு பூதக்கண்ணாடி வைத்திருங்கள், வாரம் ஒரு முறை நுனிகளைப் பாருங்கள். தூண் கள்ளியில் அந்தத் தழும்பு அழியாது, செடி உயர உயர அடியில் நிரந்தரமாகத் தெரிந்துகொண்டே இருக்கும். மாவுப்பூச்சிக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும்.

இடம் மாற்றி நடுவதில் அவசரம் வேண்டாம். நாற்றுகள் கூட்டமாக இருக்கும்போது ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்து, மண்ணின் ஈரத்தைச் சமமாக வைத்துக்கொள்கின்றன. தனித்தனிக் குட்டித் தொட்டிக்குப் போனதும் அது போய்விடும், குட்டித் தொட்டி ஒரே நாளில் காயும். ஒன்றையொன்று இடிக்கத் தொடங்கியதும் எடுங்கள், வேக இனங்களில் ஆறு மாதத்துக்குள்ளேயே அந்த நிலை வரும். மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது மொத்தமாகக் கவிழ்த்துக் கையால் பிரித்தால் வேர் அறாமல் வரும். நான் எடுத்ததும் தனித் தொட்டிக்கு அனுப்புவதில்லை, அகலமான தட்டில் இரண்டு விரல் இடைவெளியில் வரிசையாக நட்டு இன்னொரு பருவம் வளர்ப்பேன். தட்டு ஆழமாக இருக்க வேண்டும். தூண் கள்ளிகளுக்கு வேர் ஓட இடம் கிடைத்தால் அதை உடனே உயரத்தில் காட்டும், ஆழமில்லாத தொட்டியில் சும்மா நின்றுவிடும். நட்ட பிறகு நான்கைந்து நாள் நிழலில், தண்ணீர் இல்லாமல் வைத்தால் அறுந்த வேர்முனைகள் ஆறிவிடும். அதற்குப் பிறகு வழக்கம்போல.

உரம் பற்றி ஒரு பழைய பயம் உண்டு, கள்ளிக்கு உரமே கூடாது என்று. முளைத்து ஒன்றிரண்டு மாதத்துக்குப் பிறகு, லேபிளில் சொன்னதில் கால் பங்கு அளவுக்குக் கரைத்து, வளரும் பருவத்தில் இரண்டு மூன்று தண்ணீருக்கு ஒரு முறை கொடுங்கள். தழைச்சத்து அதிகமில்லாத, நுண்சத்துகள் சேர்ந்த உரமாக இருக்கட்டும். தடித்த உடம்பும் வலுத்த முள்ளும் வருவதற்கு வெளிச்சம், வேருக்கு இடம், இந்த மெல்லிய உணவு மூன்றும் சேர வேண்டும். உரத்தைக் கூட்டி வெளிச்சத்தைக் குறைத்தால் மறுபடி அந்த இடுப்புப் பிரச்சினைதான்.

குளிர்காலம் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வளர்ந்த செடியைக் குளிர்காலம் முழுக்கக் காயப்போடுவது வழக்கம், முதல் குளிர்காலத்தில் நாற்றை அப்படிச் செய்தால் சுருங்கி மீளாமல் போகலாம். விளக்கு வசதி இருந்தால் கதகதப்பாக வைத்து வளர்த்துக்கொண்டே போகலாம். விளக்கு இல்லை, வெளிச்சம் மங்கல் என்றால் வெப்பத்தைக் குறைத்து, தண்ணீரையும் குறைத்து, அவ்வப்போது ஒரு சிறு நனைப்பு மட்டும் கொடுத்து நிறுத்தி வைப்பதே நல்லது. மங்கல் வெளிச்சத்தில் சூடும் தண்ணீரும் கொடுத்தால் நுனி ஊசியாகிவிடும். பைலோசோசீரியஸும் மிர்ட்டிலோகாக்டஸும் 10 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறாக, ஆண்டிஸ் மலைகளின் உயரத்திலிருந்து வரும் ஓரியோசீரியஸுக்கு இரவில் குளிர்ச்சி பிடிக்கும்.

சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரெஸ்கியோப்சிஸ் மேல் ஒட்டுக்கட்டுகிறார்கள். இலையோடு இருக்கும் ஒரு கள்ளி அது. முளைத்துச் சில வாரமேயான நாற்றைக்கூட அதன் தண்டில் ஒட்ட முடியும், வளர்ச்சி பார்க்கவே நம்ப முடியாத வேகத்தில் இருக்கும். அரிய இனத்தில் இரண்டே நாற்று மிஞ்சியிருந்தால், அல்லது வேர் அழுகிவிட்டால், காப்பாற்ற அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் தூணாக நிற்கப் போகும் செடி சொந்த வேரில் நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும். ஒட்டில் வளர்ந்தது உப்பிய உடம்போடு வரும், பின்னால் அதை அறுத்து வேர்விட வைக்கும் வேலையும் இருக்கிறது.

இரண்டாம் வருடத்தில்தான் பாலைவனச் செடியாக மாற்றும் வேலை தொடங்குகிறது. காலை வெயிலில் ஆரம்பித்து, வாரம் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போங்கள். அவசரப்பட்டால் தோல் வெளுத்து, பிறகு பழுப்பு நிறக் கார்க் மாதிரி ஆகிவிடும், அது மாறாது. இடம் மாற்றும்போது எந்தப் பக்கம் வெயிலைப் பார்த்து நின்றதோ அந்தப் பக்கத்தையே மறுபடி வெயிலுக்குக் காட்டுங்கள், தொட்டியில் ஒரு கோடு போட்டு வைத்தால் குழப்பம் வராது. தண்ணீருக்கு நடுவே முழுக்கக் காயவிடும் இடைவெளியையும் இப்போது நீட்டலாம், கலவையில் கல்லின் பங்கை மூன்றில் இரண்டாகக் கூட்டலாம். சாய்கிற செடிக்குக் குச்சி கட்டுவதற்கு முன்னால் வெளிச்சத்தையும் தொட்டியின் ஆழத்தையும் சரிபாருங்கள். தொட்டி மாற்றுவதை வருடம் ஒரு முறை, வளரும் பருவம் தொடங்கும்போது வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு முறையும் ஓர் அளவு பெரிய தொட்டி.